அனுப்பிய அஞ்சலுக்கு ஒரு நகல்: மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு

"அனுப்பியதெல்லாம் மின்னஞ்சல் பெட்டியிலேயே கிடக்கிறதே, அதை எதற்குக் குறிப்புக் கோப்பில் இன்னொரு முறை சேர்த்து வைக்கிறீர்கள்?" என்று நண்பர் கேட்டார். வேறொரு நாளில் கேட்டிருந்தால் பொறுமையாகப் பதில் சொல்லியிருப்பேன். மொழிபெயர்ப்புக் கூலித் தகராறு ஒன்றில் பாதி இரவைத் தொலைத்துவிட்டு எழுந்த காலையில் கேட்டார்.

ஏற்பாடு ஈமாக்ஸ் என்ற உரை எழுதும் மென்பொருளில் பழகியவர்களுக்குத் தெரிந்ததுதான். கடிதத்தை அதிலேயே எழுதுகிறேன். அனுப்பி முடித்ததும் ஏழு வரி நிரல் ஒன்று பெறுநர், தேதி, பொருள், கடிதம் எல்லாவற்றையும் அந்த ஆண்டுக்கான ஆர்க் கோப்பின், அதாவது ஈமாக்ஸின் குறிப்புக் கோப்பின், அடியில் ஒட்டிவிடுகிறது. முதலில் அந்த நிரலை அனுப்புவதற்கு முன்னால் ஓடும் கொக்கியில் (குறித்த வேளையில் நிரலைத் தானாக இயக்கும் இடம்) மாட்டியிருந்தேன். ஒருநாள் இணையம் அறுந்து கடிதம் போகவில்லை. கோப்போ போனதாகச் சாதித்தது. இரண்டு நாள் பதிலுக்குக் காத்திருந்த பிறகுதான் அனுப்பிய பின் ஓடும் கொக்கிக்கு, அதாவது மெசேஜ்-சென்ட்-ஹூக்குக்கு, மாற்றினேன். அதன் பிறகு அந்தப் பக்கம் ஒரு குறையும் இல்லை. கடிதத்தில் நட்சத்திரக் குறியில் தொடங்கும் வரி இருந்தால் மட்டும் ஆர்க் அதைத் தலைப்பாக எடுத்துக்கொள்ளும். அது சிரித்துவிட்டுப் போகிற சங்கதி.

யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தேன், எந்தத் தேதி சொன்னேன் என்பது ரயிலில் சிக்னல் இல்லாத இடத்திலும் நொடியில் கிடைக்கிறது. ஒழுங்கான கணக்குப்பிள்ளை ஒருவரைச் சம்பளமில்லாமல் வைத்திருப்பது போல.

வயிற்றெரிச்சல் கைப்பேசியால் வருகிறது. அதிலிருந்து அனுப்புபவை ஈமாக்ஸின் கண்ணில் படுவதில்லை. வாரம் ஒருமுறை அவற்றை மூல வடிவிலேயே இறக்கி அதே கோப்பில் சேர்க்கிறேன். அங்கேதான் தமிழ் செத்துக் கிடக்கிறது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். அஞ்சலில் கடத்த அந்த பைட்டுகளைச் சமக்குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாற்றும் கோட்டட்-பிரிண்டபிள் முறையில் ஒரு பைட்டுக்கு மூன்று எழுத்து. 'வணக்கம்' என்பதில் புள்ளிகளையும் சேர்த்து ஏழு குறிகள், ஆகவே 63 எழுத்துகள்! அந்த முறையில் ஒரு வரியின் உச்ச அளவே 76தான். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் வரி தீர்ந்துவிடுகிறது. பக்கம் முழுக்க சமக்குறி, ஈ, பூஜ்யம், சமக்குறி, ஏ, ஈ என்று ஒரே ஒப்பாரி. திருப்பி மாற்ற ஈமாக்ஸில் கட்டளை இருக்கிறது. ஆனால் யுடிஎஃப்-8 என்று முன்கூட்டியே சொல்ல மறந்தால், 'அ' இருக்க வேண்டிய இடத்தில் \340\256\205 என்று அதன் மூன்று பைட்டும் எண்களாக வந்து உட்காரும். நான் மறப்பேன். இறக்கும்போதே மாற்றிவிட ஒரு நிரல் எழுதலாம்தான். ஆறு மாதமாக எழுதப்போகிறேன்.

அன்றிரவு நடந்தது இதுதான். சொல்லுக்கு 80 பைசா என்று நான் ஒப்புக்கொண்டதாக ஒரு பதிப்பகம் சொன்னது. ரூபாய் 1.20 என்று எழுதிய நினைவு எனக்கு இருந்தது. 'கூலி' என்று தேடினேன், 'ஒரு சொல்லுக்கு' என்று தேடினேன், 'சம்மதம்' என்று தேடினேன். இல்லை. என் நினைவையே சந்தேகப்படத் தொடங்கிவிட்டேன். நள்ளிரவு தாண்டியபோதுதான் உறைத்தது, அதை பஸ்ஸில் நின்றுகொண்டே கைப்பேசியில் எழுதினேன் என்று. தமிழ்ச் சொற்களைச் சிதைத்தாலும் இலக்கங்களைக் கோட்டட்-பிரிண்டபிள் தொடுவதில்லை. 1.20 என்று தேடினேன். சமக்குறிக் காட்டுக்கு நடுவே ஒரு கீறலும் இல்லாமல் 1.20 நின்றுகொண்டிருந்தது.

பணம் வந்துவிட்டது. அஞ்சல் பெட்டியிலேயே தேடியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும் என்று மனைவி சொன்னார். அவர் சொன்னது சரி என்பதுதான் கோபத்தைக் கிளப்பியது.

நண்பருக்கு, "வேண்டாம், இந்த வம்பில் இறங்காதீர்கள்" என்று பதில் எழுதினேன். கணினியில் உட்கார்ந்துதான் எழுதினேன். கோப்பின் அடியில் நல்ல தமிழில் இருக்கிறது.