காலேஜ் போகும் பிள்ளைக்குப் பழைய கார் வாங்குகிறீர்களா? ஏர்பேக் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள்

மகனுக்கோ மகளுக்கோ பழைய கார் தேடுகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். இரண்டு ஏர்பேக் உள்ள கார் என்று சொல்லி, ஒன்றுகூட இல்லாத காரை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். அது தெரியாமல் என் மகள் சேலம் - ஓமலூர் நெடுஞ்சாலையில், லாரிகளுக்கு நடுவே, அந்த வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு 19 வயது. பிசியோதெரபி படிக்கிறாள். காலை ஹாஸ்பிடல் போஸ்டிங்குக்குப் போகிற நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ் கிடையாது. லைசென்ஸ் புதுசு என்பதால் பாதுகாப்பைத்தான் முதலில் பார்த்தோம். புதுக் கார்களுக்குச் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் 2019 ஏப்ரலிலும், டிரைவர் பக்க ஏர்பேக் அதே வருடம் ஜூலையிலும்தான் கட்டாயமாயின. பக்கத்து சீட்டுக்கு 2022 முதல்தான். அதனால் 2019 ஜூலைக்கு முந்தைய வண்டிகளைத் தள்ளிவிட்டு, 2020 மாடல் டாடா டியாகோ என்று முடிவு செய்தோம். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நாலு ஸ்டார் வாங்கிய கார். பட்ஜெட்டுக்கும் ஒத்து வந்தது.

பைபாஸ் ஓரத்தில் பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங் கடையில் கிடைத்தது. சிங்கிள் ஓனர், கம்பெனி சர்வீஸ், கிலோமீட்டரும் குறைவு. வண்டி விவரம் காட்டும் அரசின் எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். ஓனர் பெயர், இன்சூரன்ஸ், ஃபைனான்ஸ் பாக்கி இல்லை என்பது, எல்லாம் சரியாக இருந்தது. எங்கள் மெக்கானிக்கும் இன்ஜின், கிளட்ச், சஸ்பென்ஷன் பார்த்துவிட்டு நல்ல வண்டி என்றார். உண்மையிலேயே இன்ஜின் நன்றாகத்தான் இருந்தது. "பாப்பா ஓட்டப் போற வண்டி சார், நான் தப்பான வண்டியைக் கொடுப்பேனா?" என்று அந்தக் கடைக்காரர் என் மகளை வைத்துக்கொண்டே சொன்னார். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

விஷயம் வெளியே வந்தது கம்பெனி சர்வீஸ் சென்டரில். ஆயில் மாற்றக் கொடுத்திருந்தோம். அங்கிருந்த சூப்பர்வைசர் சாவியைத் திருப்பிவிட்டு, "சார், ஏர்பேக் லைட் எரியவே இல்லையே" என்றார். மீட்டரைக் கழற்றினார்கள். அந்த விளக்கு வரும் இடத்தில் உள்பக்கமாகக் கறுப்பு டேப் வெட்டி ஒட்டியிருந்தது. பேட்டரி வயரை எடுத்துவிட்டு ஸ்டியரிங் நடுவில் இருக்கும் மூடியைக் கழற்றினால் உள்ளே காலி. மூடி மட்டும் புதுசாக வாங்கி மாட்டியிருக்கிறார்கள். டேஷ்போர்டில் பக்கத்து சீட் பக்கமும் அதே கதை. டிரைவர் சீட் பெல்ட்டும் வேறு வண்டியில் இருந்து எடுத்தது.

வண்டி நம்பரை அவர்கள் கம்ப்யூட்டரில் போட்டதும் மீதியும் தெரிந்தது. இன்னொரு மாவட்டத்து ஒர்க்‌ஷாப்பில் முன்பக்க மோதல், இரண்டு ஏர்பேக்கும் வெடித்தது, இன்சூரன்ஸில் டோட்டல் லாஸ், அதாவது சரிசெய்வது கட்டுப்படியாகாத வண்டி என்று பதிவு இருக்கிறது. எங்களிடம் காட்டிய சர்வீஸ் பிரிண்ட் அந்த விபத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் ஓனர் வெளியில் சர்வீஸ் செய்தார் என்று கடையில் சொன்னது பச்சைப் பொய். ஏர்பேக் ஒரு தடவை வெடித்தால் அவ்வளவுதான், அதை மடித்து மறுபடி வைக்க முடியாது. புதுசு போட வேண்டும், கூடவே கன்ட்ரோல் யூனிட், பெல்ட் எல்லாம் மாற்ற வேண்டும். எங்களுக்குக் கொடுத்த எஸ்டிமேட்டே ஒரு லட்சத்தைத் தாண்டியது. டிங்கரிங், பெயிண்டோடு முடித்துவிட்டால் அந்தப் பணம் விற்கிறவனுக்கு மிச்சம். அந்த மிச்சத்துக்காக ஒரு சின்னப் பெண்ணின் உயிரைப் பணயம் வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் பார்க்கும்போது சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். உட்கார்ந்த ஆளின் முன்னால் பலூன் இருப்பது போன்ற படம் மீட்டரில் எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். எரியாவிட்டாலும் தப்பு, அணையாவிட்டாலும் தப்பு. ஆனால் ஏர்பேக் இருப்பது போல வண்டியை ஏமாற்ற ரெசிஸ்டர் என்ற சின்ன மின் பாகத்தை வைத்து அதையும் ஒழுங்காக எரிந்து அணைய வைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று அந்த சூப்பர்வைசரே சொன்னார். ஆகவே விலை பேசி முடிக்கும் முன் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் அதற்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் அடியில் தயாரிப்புத் தேதி தைத்திருக்கும், வண்டியின் வருடத்தோடு ஒத்துப் பாருங்கள். பழைய இன்சூரன்ஸ் பாலிசியையும் கேட்டு வாங்குங்கள். நாலைந்து வருடம் ஒரே ஓனர் ஓட்டிய வண்டிக்கு நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) பூஜ்யம் என்று இருந்தால், கிளெய்ம் வாங்கியிருக்கிறார்களா என்று தோண்டிக் கேளுங்கள். விபத்து விவரம் எம்பரிவாகனில் வராது.

இன்னொன்றும் பார்க்க வேண்டும், அதுதான் இப்போது எங்களை அலைக்கழிக்கிறது. 2023 ஏப்ரலில் இருந்து பழைய கார் விற்கும் கடைகள் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். ஓனர் வண்டியைக் கடையில் ஒப்படைத்ததும் படிவம் 29சி-யில் பதிவு செய்ய வேண்டும். எங்களுக்கு விற்ற கடையில் அது எதுவும் இல்லை. பழைய ஓனர் கையெழுத்துப் போட்ட, பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களை நேராக எங்கள் பெயருக்கு நிரப்பிவிட்டார்கள். ஆர்சி மாற்றிய எந்தப் பேப்பரிலும் கடையின் பெயரே கிடையாது. "நான் நடுவில் பேசிவிட்டவன்தான் சார்" என்று இப்போது கை கழுவுகிறார்.

நல்லவேளையாகப் பணத்தைக் கடைக் கணக்குக்கு வங்கி மூலம் அனுப்பியிருந்தோம். "2 ஏர்பேக், நான்-ஆக்சிடென்ட்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் இருக்கிறது. இரண்டையும் சர்வீஸ் சென்டர் கொடுத்த ரிப்போர்ட்டோடு சேர்த்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் எதுவும் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளில் இருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. வண்டியை நாங்கள் விற்கவில்லை. ஸ்டியரிங் மூடியையும் அந்தக் கறுப்பு டேப்பையும் அப்படியே எடுத்து வைத்திருக்கிறோம், ஆணையத்தில் காட்ட.