46,500 ரூபாவுக்கு ஒரு பென்சில் படம்

இ-ரீடர் (மின்புத்தகம் வாசிக்கிற கருவி) வாங்க முதல் எதை எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஒப்பீடு எழுதித் தருவதாக நாலைந்து பேருக்குச் சொல்லியிருந்தேன். மூன்று கிழமையாகக் கொப்பியில் கோடு போட்டு, திரை, நிறை, பற்றரி, விலை என்று நிரல் பிரித்து எழுதியும் வைத்திருந்தேன். அந்தக் கொப்பி இப்ப லாச்சிக்குள் கிடக்கிறது. 46,500 ரூபா போய்விட்டது. திங்கள் கட்டினேன், புதன் விளங்கியது, இன்றைக்குச் சனி. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

எல்லாம் அப்பாவுக்காகத்தான். வயது 76. ஒரு கண்ணுக்குக் கற்றரக்ட் செய்தாயிற்று, மற்றது பாக்கி. பின்னேரத்தில் டச் பே கடற்கரையில் போய் இருந்து பேப்பர் வாசிப்பது அவருடைய வழக்கம். (ஒருநாள் பக்கத்தில் வந்து நின்ற மான் மரண அறிவித்தல் பக்கத்தை அரைவாசி மென்றுவிட்டது. திருகோணமலை மான்களைத் தெரிந்தவர்கள் நம்புவீர்கள்.) இப்ப அந்த எழுத்துத் தெரியவில்லை. டேப்லெட் கொடுத்துப் பார்த்தோம். வெயிலில் அது அவருடைய முகத்தைத்தான் அவருக்குக் காட்டியது. வீட்டுக்குள் என்றால் அரை மணித்தியாலத்தில் கண்ணால் தண்ணீர் ஓடும். இ-ரீடரில் இருக்கிற மின்தாள் திரை அப்படியில்லை. கண்ணுக்குத் தெரியாத சின்னக் குமிழ்களுக்குள் கறுப்பும் வெள்ளையுமாகத் துகள்கள் இருக்கும், மின்சாரம் எதை மேலே தள்ளுகிறதோ அது தெரியும். வெயில் பட்டால் அச்சுத் தாள் மாதிரி இன்னும் தெளிவாகும். பக்கம் மாறும்போதுதான் மின்சாரம் தேவை, மாறின பிறகு படம் தன்பாட்டில் நிற்கும். இதைப் பெருமையாகக் கொப்பியில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தேன். கடைசியில் என்னை முட்டாளாக்கியதும் இதுதான்.

கொப்பியில் மிஞ்சியவை இரண்டு. அமேசான் 2021 இல் விட்ட கிண்டில் பேப்பர்வைட், கோபோ கொம்பனி 2024 இல் விட்ட கிளாராவின் கறுப்பு வெள்ளை வகை. இரண்டிலும் அங்குலத்துக்கு 300 புள்ளி (புள்ளி கூடினால் எழுத்துத் தெளிவு), இரண்டிலும் இரவில் மஞ்சளாக்கக்கூடிய விளக்கு, இரண்டும் தண்ணீர் தாங்கும். கோபோவில் இபப் என்கிற மின்புத்தகக் கோப்பை வயர் போட்டு நேரே ஏற்றலாம். கிண்டிலுக்கு அமேசானின் இணையச் சேவை வழியாக அனுப்பித்தான் ஏற்ற வேண்டும், ஆனால் 2022 இலிருந்து அந்த அனுப்பும் சேவை இபப்பையும் எடுக்கிறது, ஆகவே முன்னைய தலையிடி இல்லை. கிளாரா 6 அங்குலம், பேப்பர்வைட் 6.8. அப்பாவின் கண்ணுக்கு ஏற்ற மாதிரி எழுத்தைப் பெருப்பித்தால் 6 அங்குலத்தில் ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொல்தான் நிற்கும், தமிழ்ச் சொல்லின் நீளம் தெரியும்தானே. அந்த 0.8 அங்குலத்துக்காகத்தான் பேப்பர்வைட் பக்கம் போனேன். கலர்த் திரையை முதலே வெட்டிவிட்டேன், கலரில் 150 புள்ளிதான், திரையும் ஒரு சுற்று மங்கல். அப்பாவுக்கு உண்மையான ஆசை நூலகம் தளத்தில் இருக்கிற நம்முடைய பழைய புத்தகங்களும் சஞ்சிகைகளும். அவை ஸ்கேன் செய்த பிடிஎஃப். சின்னத் திரையில் எழுத்து எறும்பு மாதிரி இருக்கும், பக்கத்தைப் பெருப்பித்து இழுத்து இழுத்து வாசிக்க வேண்டும். அதற்கு 10 அங்குலக் கருவி வேண்டும், என் சம்பளம் காணாது. மதுரைத் திட்டம் என்கிற தமிழ் மின்புத்தகத் தளத்தில் இலவசமாகக் கிடைப்பவையே அப்பாவுக்கு இரண்டு வருடம் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் போய் ஏமாந்தேன்.

அமேசானுக்கு இலங்கையில் கடை இல்லை. யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வேண்டும், அல்லது கொண்டுவந்து விற்கிறவர்களிடம் எடுக்க வேண்டும். டொரொன்டோவில் இருக்கிற மச்சாள், "கோபோ இங்கத்தையக் கொம்பனிதானே, ஆவணியில வரேக்க ஒண்டு கொண்டுவாறன், பொறு" என்றாள். எனக்குப் பொறுமை இல்லை. பழைய கார் முதல் கோழிக்கூடு வரை எல்லாம் விற்கிற ஒரு விளம்பரத் தளத்தில் தேடினேன். கொழும்பில் கடை என்று போட்டு ஒருவர் பேப்பர்வைட் விளம்பரம் வைத்திருந்தார். பாவித்தது, ஆனால் புதிது மாதிரி, 11 ஆம் தலைமுறை (அதுதான் 2021 இல் வந்தது), 6.8 அங்குலம், விலை 47,000.

வாட்ஸ்அப்பில் கேட்டேன். எழுத்தில் பதில் வரவில்லை, குரல் பதிவு வந்தது. நல்ல மரியாதையான குரல். "அக்கா திருகோணமலையா? எங்கட அம்மாவும் அங்கதான் அக்கா, உவர்மலை. ஊர் ஆளுக்கு நான் பிழையான சாமான் குடுப்பனா?" அந்த இடத்தில்தான் நான் கரைந்தேன். உவர்மலையில் எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

ஆனாலும் நான் ஒன்றும் சும்மா விடவில்லை, தமிழ்ப் புத்தகம் ஒன்றைத் திறந்து காட்டச் சொன்னேன். நாற்பது செக்கன் வீடியோ வந்தது. கட்டைவிரலில் கறுப்புக் கல் வைத்த வெள்ளி மோதிரம். அந்த விரல் திரையைத் தட்ட பக்கம் மாறுகிறது, எழுத்துப் பெரிதாகிறது, வெளிச்சம் மஞ்சளாகிறது. அப்பாவிடம் போனைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எழுத்து முத்து மாதிரி நிக்குது பிள்ளை" என்றார். அதற்குப் பிறகு எனக்கு வேறு யோசனை ஓடவில்லை.

சாமானைக் கையில் தந்துவிட்டுக் காசு வாங்கலாமா என்று கேட்டதற்கு, "கூரியர்காரன் காசு தர பத்து நாள் இழுப்பான் அக்கா. பேங்க்ல போடுங்கோ, 500 குறைச்சு விடுறன், நாளைக்கே ஏத்துறன்." வந்த கணக்கு இலக்கம் கடையின் பெயரில் இல்லை, ஒரு தனி ஆளின் பெயரில். கேட்டேன். "அண்ணாட எக்கவுண்ட் அக்கா, கடை எக்கவுண்டில வற் வரிக் கரைச்சல்." நான் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறவள். ஒவ்வொரு நாளும் மற்றவர்களின் பற்றுச்சீட்டில் பிழை பிடிக்கிறவள். திங்கள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், புட்டுப் பொதியைப் பிரித்து வைத்துக்கொண்டு, போனிலேயே அனுப்பினேன். 46,500.

புதன் பத்தரைக்குப் பொதி வந்தது, நான் அரை நாள் லீவு போட்டு நின்றேன். பிரித்தால் திரையில் அழகான பென்சில் படம், பென்சில்களை நிரையாக அடுக்கி வைத்த மாதிரி. அப்பா கையில் வாங்கித் தடவிப் பார்த்தார், "கீறின மாதிரி இருக்கு." பொத்தானை அமத்தினோம், படம் அப்படியே நின்றது. நான் பெரிய விளக்கம் கொடுத்தேன், "அப்பா, இதுதான் இதின்ர விசேஷம், கரண்டே இல்லாமலும் படம் நிக்கும்." அப்பாவும் தலையாட்டினார். செத்த கருவியும் இப்படித்தான் படத்தோடு கிடக்கும் என்று அந்த நேரத்தில் எனக்கு ஏன் தோன்றவில்லை?

சார்ஜ் போட வயரைக் கொண்டுவந்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. 2021 பேப்பர்வைட்டுக்கு சி டைப் வாய். இதற்குப் பழைய போன்களில் இருக்கிற சின்ன வாய். பிறகு திரை ஓரத்தில் நகத்தை ஓடவிட்டேன், நகம் ஒரு படியில் தடக்கியது. பேப்பர்வைட்டின் முகம் கண்ணாடி மாதிரி ஒரே மட்டம். வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், அதில் ஒரே மட்டம்தான். அப்பாவின் அடிமட்டத்தை எடுத்து மூலைக்கு மூலை வைத்தேன். 6 அங்குலம்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பழைய வயர் வாங்கி இரவு முழுக்கப் போட்டேன். விடிய எழும்பியது. அமைப்புகளுக்குள் போனால் யாரோ ஒரு ஆளின் பெயர். சாதன விவரத்தைப் பார்த்தால் 2019 இல் வந்த அடிப்படைக் கிண்டில். அங்குலத்துக்கு 167 புள்ளி, நாலே நாலு விளக்கு, மஞ்சளாகாது, தண்ணீர் பட்டால் கதை முடிந்தது. ஆங்கிலம் வாசிக்கிறவருக்கு 167 சமாளிக்கலாம். தமிழில் எழுத்தைச் சிறிதாக்கினால் 'ண'வின் சுழியும் 'ன'வின் சுழியும் ஒன்றோடொன்று கரைந்து போகிறது, நானே பார்த்தேன். சரி, இதையாவது வைத்துக்கொள்வோம் என்று முழுக்க அழித்து என் கணக்கில் பதியப் போனால், பதிய முடியாது என்று வந்தது. ஒரு கருவி தொலைந்தது, களவு போனது என்று சொந்தக்காரர் அறிவித்தால் அதன் தொடர் இலக்கத்தை அமேசான் மறித்துவிடும், பிறகு வேறு கணக்கு எதிலும் அது ஏறாது. அப்படியென்றால் யாருடைய களவுச் சாமான் எங்கள் விறாந்தை மேசையில் கிடக்கிறது?

பிறகு நடந்ததை ஒழுங்காக எழுதவே வெறுப்பாக இருக்கிறது. முதல் பதில், "இன்னும் கொஞ்சம் சார்ஜ் போடுங்கோ அக்கா." வாய் வேறு என்றேன். "சில பேப்பர்வைட்டுக்கு அப்பிடித்தான் வரும்." அடிமட்டத்தோடு படம் எடுத்து அனுப்பினேன். "ஸ்டோர் பொடியன் மாறி வைச்சிட்டான் போல, அனுப்பிவிடுங்கோ, பாத்துச் சொல்லுறம். கூரியர் காசு உங்கட." எந்த விலாசத்துக்கு அனுப்ப? பதில் இல்லை. பின்னேரம் மனேஜர் என்று வேறொரு குரல். இவருக்கு நான் அக்கா இல்லை, மிஸ்: "மிஸ், பாவிச்ச சாமானுக்கு ரிட்டர்ன் இல்லை, விளம்பரத்தில போட்டிருக்கு." விளம்பரத்தில் போட்டிருந்தது பேப்பர்வைட் என்று, அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நான் எழுதிய கடைசி வசனம், "அம்மா உவர்மலை எண்டு சொன்னீங்களே தம்பி." நீலக் கோடு இரண்டு விழுந்தது. பத்து நிமிடத்தில் அவருடைய முகப்படம் மறைந்தது. என்னைத் தடுத்தாயிற்று.

விளம்பரத் தளத்துக்கு முறையிட்டேன், "விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலுக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று இயந்திரப் பதில். வங்கியில் கேட்டேன், நீங்களாக அனுப்பிய காசை மற்றப் பக்கத்து ஆள் சம்மதிக்காமல் திருப்ப முடியாது என்றார்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்குத் திங்கள் காலை அழைப்பேன், பொலிசிலும் எழுதிக் கொடுப்பேன். என்னிடம் இருப்பது குரல் பதிவு, வீடியோ, 46,500 ரூபா போன பதிவு. பற்றுச்சீட்டு இல்லை. கேட்கவே இல்லை.

ஆலோசனை பத்து எழுத நினைத்தேன், இப்ப வருவது இவ்வளவுதான். படம் தெரிகிறது என்று நம்பாதீர்கள், பக்கம் மாறுகிறதா என்று உங்கள் கையால் தட்டிப் பாருங்கோ. வீடியோ கேட்டால் புத்தகத்தைக் காட்டச் சொல்லாதீர்கள், சாதன விவரப் பக்கத்தையும் தொடர் இலக்கத்தையும், பக்கத்தில் அன்றையத் திகதி எழுதிய தாளோடு காட்டச் சொல்லுங்கோ. சார்ஜ் வாயைப் பாருங்கோ, அது பொய் சொல்லாது. உங்கள் கணக்கில் பதிந்து காட்டும்வரை ஒரு சதம் கொடுக்காதீர்கள். கடைப் பெயரும் வங்கிக் கணக்குப் பெயரும் வேறு என்றால் அங்கேயே நிறுத்துங்கோ. மச்சாள் ஆவணியில் வருகிறாள் என்றால் ஆவணி வரை இருங்கோ.

புள்ளி எத்தனை, விளக்கு எத்தனை என்பதெல்லாம் பிறகு ஒருநாள் எழுதுகிறேன். அப்பாவுக்கு முழுத் தொகையைச் சொல்லவில்லை, பாதி என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர் அந்தப் பென்சில் படத்தின் மேல் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்துவிட்டு, பூதக்கண்ணாடியோடு பேப்பருக்குத் திரும்பிவிட்டார்.

அவசரமாக இதை எழுதுவதற்குக் காரணம் ஒன்று இருக்கிறது. இன்றைக்குப் பின்னேரம் தங்கையின் போனில் அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். விற்பவரின் பெயர் வேறு, ஊர் மட்டக்களப்பு. படத்தில் அதே விரல், அதே கறுப்புக் கல் மோதிரம். விலை 44,000.