காதுக் காசநோய்: சீழைச் சோதிப்பதா, சதையை எடுப்பதா?

மாதக்கணக்கில் காது ஒழுகுகிறது, வலி இல்லை. சொட்டு மருந்தை மாற்றி மாற்றி விட்டும் நிற்கவில்லை. ஒழுக்குக்குப் பொருந்தாத அளவுக்குக் காது மந்தம், சிலருக்கு வாய் ஒருபக்கம் கோணல். தமிழக–கேரள எல்லையான களியக்காவிளைக்கு எந்தப் பக்கமானாலும் இங்கே நடுக்காதுக் காசநோயை நினைத்தாக வேண்டும். செவிப்பறையில் பல ஓட்டைகள் இருக்கும் என்ற பாடப்புத்தக அடையாளத்துக்குக் காத்திருந்தால் நோய் நழுவிவிடும். ஓட்டைகள் சேர்ந்து ஒன்றாகிவிடுவதுண்டு.

சீழ்ச் சோதனை சுலபம். ஆனால் காதுச் சீழில் வேறு கிருமிகள் மண்டிக் கிடக்கும், காசநோய்க் கிருமி சொற்பமாகவே இருக்கும். ஸ்மியரில் (சீழைக் கண்ணாடியில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) தென்பட மில்லிக்குச் சுமார் 10,000 கிருமிகள் வேண்டும். சிபிநாட் என்ற மரபணுச் சோதனைக்கு நூற்றுச் சொச்சம் போதும். முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி மசியுமா என்பதையும் 2 மணி நேரத்தில் சொல்லிவிடும். பாசிட்டிவ் என்றால் நம்பலாம். நெகட்டிவை நம்பி நோயில்லை என்று அனுப்பக் கூடாது. சோதனைக்குமுன் சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டு மருந்து விட்டிருந்தால் கிருமி இன்னும் அடங்கியிருக்கும்.

அதனால் என் ஓட்டு சதைக்குத்தான். மைக்ரோஸ்கோப் வைத்து, வெளிறிய சதை வளர்ச்சியிலிருந்து துணுக்கெடுக்க வேண்டும். காரியம் கெடுவது கத்தியில் அல்ல, புட்டியில். எடுத்ததை முழுக்க ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டுவிடுவார்கள். கிருமி செத்துவிடும், பிறகு கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) செய்ய வழியில்லை. பாதி ஃபார்மலினில் திசுப் பரிசோதனைக்கு, பாதி சலைன் உப்புநீரில் சிபிநாட்டுக்கும் கல்ச்சருக்கும். எது எது என்று புட்டியிலேயே எழுதி, சலைன் புட்டியை அன்றே ஆய்வகம் சேர்க்க வேண்டும். தாமதமானால் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும், ஃப்ரீசரில் வேண்டாம். திசுவில் கிரானுலோமா என்ற செல் முடிச்சு தெரிந்தாலும் பூஞ்சையும் அப்படிக் காட்டும் என்பதால் கல்ச்சர் அவசியம். அது முடிய 6 முதல் 8 வாரம்.

திருவனந்தபுரத்தில் துணுக்கெடுத்து மார்த்தாண்டத்தில் மாத்திரை வாங்குபவர்கள் ஸ்லைடையும் துணுக்கைப் பதித்த மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நிக்‌ஷய் எண் (அரசின் காசநோய்ப் பதிவு எண்) இரு மாநிலத்துக்கும் ஒன்றுதான்.

சிகிச்சையில் போட்டியே இல்லை, மாத்திரைதான். 2 மாதம் நான்கு மருந்து, பிறகு 4 மாதம் மூன்று. 50 முதல் 64 கிலோ வரை தினம் 4 கூட்டு மாத்திரை. எலும்பு அரித்திருந்தால் மாதங்களைக் கூட்டுவார்கள், எவ்வளவு என்பதில் மருத்துவருக்கு மருத்துவர் வித்தியாசம் உண்டு. செத்த எலும்பு, சீழ்க்கட்டி, முக நரம்பு அழுத்தம் இருந்தால்தான் அறுவை. ஸ்ட்ரெப்டோமைசின், அமிக்காசின் ஊசி பேச்சு வந்தால் முதலில் ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள். மிஞ்சிய கேட்கும் திறனையும் அந்த ஊசிகள் பறித்துவிடக்கூடும்.