உடுக்கைக்கு எந்தத் தோல் மாட்டறது? வெள்ளாடு, செம்மறி, கன்னுக்குட்டி, ஃபைபர்: நாலும் அடிச்சுப் பாத்த கதை

மாசி நோம்பிக்கு முன்னாடி ஒரு தம்பி போன் பண்ணி, “ஏனுங்ணா, உடுக்கைக்கு ஃபைபரே மாட்டிக்கறேன், தோலை வாங்கி ஊற வெச்சு முடி எடுத்து ரோதனை பண்ணிக்கிட்டு எதுக்குங்ணா”ன்னு கேட்டாப்ல. நியாயமான கேள்விதான். நான் நாலையும் மாட்டி அடிச்சவன்கறதால கைக்குத் தெரிஞ்சதை எழுதறேன்.

ஃபைபர்ல இருந்தே ஆரம்பிக்கலாம். நாம ஃபைபர்னு சொல்றது பாலியெஸ்டர் ஷீட்டு. 1957 வாக்குல அமெரிக்காவுல ரெமோ பெல்லி மாதிரி ஆளுங்க அதை டிரம்முக்கு கொண்டாந்தாங்க. ஈரத்துக்கு தோல் தொங்கிப் போயிரும், இது தொங்காதுங்கறதுதான் அதோட பலமே. இங்க ஜமாப் மேளம் அடிக்கற செட்டுப் பசங்க அதை மாட்டிக்கிட்டு விடிய விடிய அடிக்கறாங்க, நெருப்பு மூட்டிக் காய வைக்கற வேலையே இல்ல, சத்தமும் ஊர்க்கடைசி வரைக்கும் போகுது. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

ஏன்னா ஒரு ஐப்பசி ராத்திரி நான் பட்டிருக்கேன். காங்கேயம் பக்கம் ஒரு கோயில்ல அண்ணமார் கதை, அதான் பொன்னர் சங்கர் கதை, உடுக்கை நான் கட்டிக் குடுத்தது, பாதி ராத்திரியில சாரல் புடிச்சு உடுக்கை தொப்பு தொப்புன்னு போயிருச்சு, பூசாரி ஒண்ணும் சொல்லாம என்னைத் திரும்பிப் பாத்தாரு பாருங்க, அந்தப் பார்வை இன்னும் கண்ணுலயே நிக்குது. அண்ணமார் கதைன்னா லேசுல இல்ல, 18 ராத்திரி ஓடற கதை. 1965ல ஆராய்ச்சிக்கு வந்த வெளிநாட்டு அம்மா பிரெண்டா பெக் ஓலப்பாளையத்துல தங்கி டேப்புல புடிச்சுட்டுப் போனதும் இதே உடுக்கடிக் கதையத்தான். அப்படிப்பட்ட கதையில உடுக்கை ஊமையானா எப்படி இருக்கும்?

வீட்டுக்கு வந்து தோலைக் கழட்டி ஓரத்தை நாக்குல வெச்சுப் பாத்தேன். கரிச்சுது. உப்பே போடாத பச்சைத் தோல்னு கடையில சொல்லிக் குடுத்தது, உப்புத் தோலா இருந்திருக்கு, நானும் சரியா அலசலை. உப்பு காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும், மழை ராத்திரின்னா கேக்கவே வேண்டாம். அன்னைக்கு பழி பூராத்தையும் தோல் மேல போட்டது தப்புன்னு அப்பத்தான் புரிஞ்சுது. இப்ப எந்தத் தோல் வந்தாலும் நாலஞ்சு தண்ணி மாத்தி அலசி, நாக்குல வெச்சுப் பாத்துட்டுத்தான் அடுத்த வேலை.

அப்புறமும் ஏன் உடுக்கைக்கு தோலுதான்னு சொல்றேன்னா, காரணம் உடுக்கையோட இடுப்புல இருக்கு. ரெண்டு முகத்தையும் இழுத்துக் கட்டின நூலை இடது கை நடுவுல புடிச்சு அமுக்கும்போது தோல் விறைக்கும், சத்தம் மேல ஏறும், விட்டா கீழ எறங்கும், மனுசன் அழுகற மாதிரியே இருக்கும். வெள்ளாட்டுத் தோல் அந்த அமுக்கலுக்கு கொஞ்சம் கொஞ்சமா இழுபடும். ஃபைபர் சித்தெ இழுபட்டுட்டு அங்கயே நின்னுக்கும், மேல அமுக்கினா கைதான் வலிக்குது. மருள் எறங்கறது, அதாவது சாமி வர்றது, அந்த ஏத்த எறக்கத்துலதான்னு பூசாரிங்க சொல்றாங்க, நானும் அதைக் கண்ணால பாத்தவன்.

செம்மறித் தோலையும் பாத்துட்டேன். நம்ம மேச்சேரி ஆட்டுத் தோல் தரத்துக்குப் பேர் போனது, ஆனா அந்தப் பேரு பதனிட்ட தோலுக்கு வந்தது. மேளத்துக்கு பதனிடாத தோலுதான் வேணும், பதனிட்டது மெத்துன்னு ஆயிரும், கணீர்னு வராது. நான் மாட்டின செம்மறித் தோல் ரெண்டும் நூல் கோத்த ஓட்டையில கிழிஞ்சுது. வெள்ளாட்டுத் தோல் நெருக்கமா இருக்கும், ஓட்டை தாங்கும்.

கன்னுக்குட்டித் தோல் உடுக்கைக்கு கனம் எச்சா, அமுக்கினா அசையாது. அதோட இடம் தப்பட்டை. வேப்பங்கட்டை மூணு துண்டைச் சேத்த சட்டத்துல புளியங்கொட்டைப் பசை தடவி அந்தத் தோலை இழுத்து ஒட்டி, காஞ்சப்புறம் நெருப்புல காட்டி அடிச்சா அந்த அதிர்வு நெஞ்சுக்குள்ள போகும். ஃபைபர் தப்பட்டை சத்தம் காதோட நின்னுருது. அதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

இன்னொருத்தர் வெளிநாட்டு ஷாமன் மேளம் வீடியோ பாத்துட்டு மான் தோல் கெடைக்குமான்னு கேட்டாரு. கெடைக்காது, தேடவும் கூடாது. 1972 வனவிலங்குச் சட்டத்துல நேரா ஜெயிலு, சத்தியமங்கலம் காடு பக்கத்துலயே இருக்குன்னு அந்த நெனப்பே வரக்கூடாது. ஷாமன்ங்கற வார்த்தையே சைபீரியாப் பக்கத்துது, நம்ம கோடாங்கி, மருளாளி மாதிரி. நார்வேப் பக்கம் சாமி இன மக்கள் அவங்க மேய்க்கற பனிப்பிரதேசக் கலைமான் (ரெயின்டீர்) தோலைத்தான் மேளத்துக்குப் போட்டாங்க. 1691ல ஒரு பெரியவர்கிட்ட புடுங்கின மேளம் டென்மார்க்குப் போயி, 2022லதான் அவங்க மக்களுக்கே மறுபடி சொந்தமாச்சு. அவங்களுக்கு மேய்க்கற கலைமான்னா நமக்குப் பட்டியில கட்டியிருக்கற வெள்ளாடு, அவ்வளவுதானுங்க.

மாட்டறவங்களுக்கு: சுண்ணாம்புத் தண்ணியில மூணு நாள் போட்டா, கட்டை வெரல்ல தள்ளினாலே முடி வந்துரும். உள்பக்கக் கொழுப்பை மழுங்கின கத்தியில சொரண்டுங்க, கூர்க்கத்தி வேண்டாம், ஒரு கீறல் விழுந்தா அங்கதான் நாளைக்கு கிழியும். முதுகெலும்புக் கோடு முகத்துக்கு நடுவுல ஓடற மாதிரி வெட்டினா ரெண்டு பக்கமும் கனம் ஒண்ணா வரும். ஈரத்தோட வளையத்துல கட்டி நெழல்ல காய விடுங்க, வெயில்ல வெச்சா ஒரு பக்கமா இழுத்து வளையமே கோணிக்கும்.

வெட்டிப்போட்ட துண்டுத் தோலை வீசிடாதீங்க. அமெரிக்கப் பழங்குடி மக்கள் செய்யற மாதிரி ஈரத் தோலை பை மாதிரி தெச்சு, மணலை ரொப்பி காய வெச்சு, அப்புறம் மணலைக் கொட்டிட்டு கல்லு போட்டா கிலுக்கு ரெடி. கைச்சிலம்பு மாதிரி தூரத்துக்கு கேக்காது, ஆனா காஞ்ச சோளத்தட்டுக்குள்ள நடக்கற மாதிரி ஒரு சரசரப்பு வரும். நான் கல்லுக்குப் பதிலா புளியங்கொட்டை போட்டேன், சத்தம் இன்னும் மெதுவா, நல்லா இருக்கு.