டிசிசிடி: மில்லி ஆம்பியரில் தங்கம், மைக்ரோவில் தகராறு

எங்கள் எலக்ட்ரான் ஸ்டோரேஜ் ரிங்கில் (எலக்ட்ரான் கற்றையை, அதாவது பீமை, மணிக்கணக்காகச் சுற்றவிடும் வளையம்) இந்த டிசி கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரை, சுருக்கமாக டிசிசிடியை, பீமின் கரண்ட்டை அளக்க மாட்டி இரண்டு வருஷம் ஆகிறது. விற்ற கம்பெனியின் பெயர் வேண்டாம், கீழே கொஞ்சம் திட்டப் போகிறேன்.

லினாக் (ரிங்குக்கு முன்னால் இருக்கும் நேர்கோட்டு முடுக்கி) முனையில் எங்களுக்கு ஃபாரடே கப் போதும். பீமை உலோகக் கிண்ணத்தில் கொட்டிக் கரண்ட்டை அளக்கிற சமாசாரம்தான். ரிங்கில் அது ஆகாது, அளந்த கையோடு பீம் காலி. சாதா டிரான்ஸ்ஃபார்மரோ துடிப்பைத்தான் பார்க்கும், மணிக்கணக்காகச் சீராகச் சுற்றும் கரண்ட் அதன் கண்ணில் படாது. 1960களின் கடைசியில் செர்ன் என்ற ஐரோப்பிய துகள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் கிளவுஸ் உன்சர் கண்ட வழி இதற்குத்தான்: இரண்டு காந்த வளையங்களை மாறு மின்னோட்டத்தால் எதிரெதிராக ஆட்டிக்கொண்டே இருந்தால், நடுவே பீம் போனதும் சமநிலை கெட்டு இரட்டை அதிர்வெண்ணில் ஒரு சிக்னல் எட்டிப் பார்க்கும், அதை அடக்க எவ்வளவு எதிர் கரண்ட் தேவையோ அதுவே விடை. செர்னின் பெரிய புரோட்டான் மோதுவளையமான எல்ஹெச்சியிலும் இதே முறைதான். அங்கே ஒரு பீமுக்கான வடிவமைப்பு அளவு 0.58 ஆம்பியர், சுமார் 3 லட்சம் கோடியைப் போல 100 மடங்கு புரோட்டான்கள்!

வளையத்துக்குள் ஒரு சுற்று ஒயர் விட்டு 100 மில்லி ஆம்பியர் கொடுத்துப் பார்த்தேன், 99.98 காட்டியது. அசந்துவிட்டேன்.

தகராறு பூஜ்யத்தில். ஒரு நாள் ராத்திரி டனலில் ஏசி நின்றுபோக, ஷிஃப்டில் இருந்த பையன் போன் பண்ணி, "சார், இன்ஜெக்‌ஷனே பண்ணல, 14 மைக்ரோ ஆம்பியர் பீம் இருக்கு" என்கிறான்! ரிங்குக்குள் எலக்ட்ரானே விடவில்லை, எல்லாம் வெறும் சூடு செய்த வேலை. இது சின்ன விஷயமில்லை, 100 மில்லி ஆம்பியர் பீமின் ஆயுள் 10 மணி நேரம் என்றால் வினாடிக்கு 2.8 மைக்ரோதான் குறையும், ஆயுள் கணக்கே அந்தச் சரிவை வைத்துத்தான், பூஜ்யமே நகர்ந்தால் எதை நம்புவது? கம்பெனிக்கு மெயில் போட்டேன். மூன்று வாரம் கழித்து, "வெப்பநிலையை நிலையாக வைத்திருங்கள்" என்று பதில். ரொம்ப நன்றி. கடைசியில் நானே வளையத்தின் மேல் வெப்பநிலை காட்டும் ஒரு தெர்மிஸ்டரை ஒட்டி, ஒவ்வொரு இன்ஜெக்‌ஷனுக்கும் முன்னால் பூஜ்யத்தைப் பதிந்து கழித்துக்கொள்கிறேன்.

5க்கு 3.5. வாங்குகிறவர்கள் வெளிக் காந்தப்புலத்தைத் தடுக்கும் காந்த ஷீல்டையும் அதே ஆர்டரில் சேர்த்துவிடுங்கள், அப்புறம் கேட்டால் தனி விலை. பீம் போகும் உலோகப் பைப்பில் செராமிக் கேப் (மின்சாரம் கடக்காத இடைவெளி) இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் பைப் சுவரில் ஓடும் கரண்ட்டும் வளையத்துக்குள் போய் அளவைக் கெடுத்துவிடும்.