கடின பிளாஸ்டிக்கை வெட்ட: டையா, லேசரா, ரூட்டரா?

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "அண்ணே, லேசர் இருக்கா?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, "என்ன ஷீட்?" அந்தப் பதிலிலேயே பாதி முடிவு வந்துவிடும்.

அக்ரிலிக் என்றால் யோசிக்கவே வேண்டாம், லேசர்தான். ஓரம் கண்ணாடி மாதிரி மின்னும். மெருகேற்றும் வேலை மிச்சம். அதையே சூடாக்காமல் டையில், அதாவது கத்திப்பட்டை பதித்த வெட்டு அச்சில், வைத்து அழுத்தினால் மூலையிலிருந்து விரிசல் ஓடும். பாலிகார்பனேட் இதற்கு நேர்மாறு. லேசரில் ஓரம் பழுப்பேறிக் கருகும். மெல்லிய ஷீட்டாக இருந்தால் டையில் நொறுங்காமல் வெட்டுப்படும். பிவிசியை மட்டும் லேசருக்குள் விடவே கூடாது. சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பி நுரையீரலைப் பதம் பார்க்கும், இயந்திரத்தையும் அரிக்கும். மாடித் தொழிற்கூடத்தில் பக்கத்து யூனிட்காரர்களும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். எவ்வளவு அவசர ஆர்டர் என்றாலும் இதில் நான் இறங்கிவருவதில்லை.

டையில் பலரும் கோட்டைவிடுவது கத்திப்பட்டையில். காகித அட்டைக்குப் போடும் 2 பாயின்ட் பட்டை 0.71 மி.மீ. தடிமன்தான், கடின ஷீட்டில் அது வளைந்துவிடும். 3 பாயின்ட், அதாவது 1.07 மி.மீ. பட்டை கேளுங்கள். கூர்முனை எந்தப் பக்கம் சரிகிறது என்பதும் முக்கியம். இருபக்கமும் சரிந்த பட்டை பிளாஸ்டிக்கை இரண்டு பக்கமும் நெட்டித் தள்ளும். ஒருபக்கச் சரிவுப் பட்டையை, சரிவு கழிவைப் பார்க்கும்படி செருகினால், நமக்கு வேண்டிய துண்டின் ஓரம் செங்குத்தாக வரும். ஷீட் ஒன்றரை மி.மீ.க்கு மேல் போனால் நான் டை எடுப்பதில்லை. தடிமனும் வெட்டுக்கோட்டின் நீளமும் கூடக்கூட அழுத்தமும் கூட வேண்டும். பெரிய பிரஸ் வாங்கும் முன் உங்கள் மாடித் தளம் எவ்வளவு எடை தாங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு தீபாவளிக்கு லிட்டில் இந்தியா கடை ஒன்றுக்காக, அரை மி.மீ. பெட் (PET) பிளாஸ்டிக் ஷீட்டில் கோல அச்சுகள் செய்தோம். எண்ணிக்கை அதிகம் என்பதால் டை போட்டேன். புள்ளிக்கு ஒரு துளை. ஒவ்வொரு அழுத்தலுக்கும் வெட்டுத்துணுக்குகள் டையில் துளை போடும் குழல்கத்திக்குள் சிக்கின. ஊசியால் குத்திக் குத்தி எடுத்ததிலேயே ஒரு நாள் போனது. அடுத்த ஆண்டு அதே கோலத்தை லேசரில் வெட்டினோம். துண்டுக்கு நேரம் கூடுதல்தான், ஆனால் சொன்ன தேதிக்குக் கொடுக்க முடிந்தது. ஒரே வெளிக்கோடு கொண்ட பாலிகார்பனேட் மூடிகளுக்கு இன்றும் டையைத்தான் நம்புகிறேன்.

தடித்த பாலிகார்பனேட், பிவிசி நுரைப்பலகை எல்லாம் ரூட்டருக்கு, அதாவது சுழலும் பிட்டால் செதுக்கி வெட்டும் இயந்திரத்துக்கு. மெதுவான வேலை, உள்மூலைகள் பிட்டின் ஆரத்துக்கு வளைந்தே வரும்.

பெயர் தெரியாத ஷீட் வந்தால் காற்றோட்டமான இடத்தில் செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, துணுக்கில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். தீ பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் இருக்கிறது. அந்த ஷீட்டை டைக்கோ ரூட்டருக்கோ அனுப்புங்கள்.