லிங்க்குகளை ஒன்றாகக் கட்ட ஸ்டாட்டிக்கா, எல்ஏசிபியா?

இரண்டு கட்டடங்களின் ஸ்விட்ச்களுக்கு நடுவே ஓடும் இரண்டு 1 ஜிகாபிட் லிங்க்குகளை ஒரே இணைப்பாகக் கட்டும் வேலை என் பொறுப்பில் வந்தபோது, முதலில் ஸ்டாட்டிக் முறையில், அதாவது ஸ்விட்ச்கள் தமக்குள் பேசிக்கொள்ளாமல் நாமே போர்ட்களைக் குழுவாக அமைக்கும் முறையில், கட்டினேன். சில மாதங்களில், ஸ்விட்ச்கள் தமக்குள் செய்தி பரிமாறிக் குழுவைப் பராமரிக்கும் எல்ஏசிபி (LACP) நெறிமுறைக்கு மாற்றினேன். என் சாய்வு அந்த மாற்றத்திலிருந்து வந்தது.

வேகத்தில் இரண்டும் ஒன்றுதான். எந்த பாக்கெட் எந்த லிங்க்கில் போக வேண்டும் என்பதை மேக், ஐபி முகவரிகளை வைத்துப் போடும் ஹேஷ் கணக்கே (ஒரே முகவரி ஜோடிக்கு எப்போதும் ஒரே லிங்க்கைத் தரும் கணக்கு) தீர்மானிப்பதால், ஒரு கணினியிலிருந்து சர்வருக்குப் போகும் ஒரு ஃபைல் காப்பி எந்த முறையிலும் 1 ஜிகாபிட்டைத் தாண்டாது.

முடிவைத் தீர்மானித்தது வேறு விஷயம்: லிங்க் செத்ததை ஸ்விட்ச் எப்படி அறிகிறது? ஸ்டாட்டிக் முறையில் போர்ட்டில் லிங்க் எழுந்திருந்தாலே போதும், அது குழுவில் இருக்கும். எங்கள் லிங்க்குகள், காப்பர் கேபிளை ஃபைபருக்கு மாற்றும் மீடியா கன்வர்ட்டர் வழியாக ஃபைபரில் போயின. ஒரு நாள் ஒரு ஃபைபர் அறுந்தது; ஆனால் கன்வர்ட்டருக்கும் ஸ்விட்சுக்கும் நடுவிலிருந்த காப்பர் கேபிள் நன்றாக இருந்ததால், இரு முனையிலும் போர்ட் விளக்குகள் பச்சையாகவே எரிந்தன. ஒரு மேசையிலிருந்து சர்வருக்கு பிங் போனது, பக்கத்து மேசையிலிருந்து போகவில்லை. ஹேஷ் கணக்கில் செத்த லிங்க்குக்கு விழுந்தவர்கள் மட்டும் துண்டிக்கப்பட்டிருந்தார்கள் என்பதைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆயிற்று.

2000ஆம் ஆண்டில் 802.3ஏடி தரத்தோடு வந்த எல்ஏசிபியில், இரு முனைகளும் ஒவ்வொரு லிங்க்கிலும் தொடர்ந்து செய்தி அனுப்பிக்கொள்கின்றன. மூன்று செய்திகளுக்கான நேரம் கடந்தும் எதுவும் வராவிட்டால், விளக்கு எரிந்தாலும் அந்த லிங்க் குழுவிலிருந்து விலக்கப்படும். தவறான ஸ்விட்ச்சில் செருகிய கேபிளும், மறுமுனையின் அடையாளம் பொருந்தாததால், குழுவில் சேராது. ஆனால் டைமரைக் கவனிக்க வேண்டும். ஸ்லோ என்றால் செய்தி 30 விநாடிக்கு ஒன்று, ஆகவே விலக்க 90 விநாடி. ஃபாஸ்ட் என்றால் விநாடிக்கு ஒன்று, விலக்க 3 விநாடி. ஒரு ஸ்விட்ச்சில் ஃபாஸ்ட் வைத்தால் எதிர்முனைதான் வேகமாக அனுப்பத் தொடங்கும் என்பதால், இரு முனைகளிலும் வைப்பது அவசியம். ஒரு முனையிலாவது ஆக்டிவ் (தானாகவே செய்தி அனுப்பத் தொடங்கும் நிலை) இருக்க வேண்டும். இரண்டும் பாசிவ் (எதிர்முனை பேசினால் மட்டுமே பதில் தரும் நிலை) என்றால் குழு உருவாகவே உருவாகாது.

ஸ்டாட்டிக்கை முற்றிலும் ஒதுக்கவும் முடியாது. விஎம்வேர் சர்வருக்குள் மென்பொருளாக இயங்கும் ஸ்டாண்டர்டு விஸ்விட்ச் எல்ஏசிபி பேசாது, அங்கே லிங்க்குகளை ஒன்றாகக் கட்ட வேறு வழியில்லை. நடுவில் எந்தக் கருவியும் இல்லாமல், ஒரே ரேக்கில் நேரடி கேபிளால் இணைத்த இரு ஸ்விட்ச்களுக்கும் அது ஓரளவு போதும். ஒரு குழுவை இரண்டு தனித்தனி ஸ்விட்ச்களில் பிரித்துக் கட்டும் எம்லாக் அமைப்பை ஆய்வு மேசையில் மட்டுமே இயக்கிப் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த முடிவை அதற்கும் நீட்டிச் சொல்லத் துணியமாட்டேன்.

மாற்றியபின், பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த லிங்க்கின் ஃபைபரை கன்வர்ட்டரிலிருந்து நானே பிடுங்கிப் பார்த்தேன். மூன்று பதில்கள் தவறின, நான்காவது வந்தது.